இடைநிலை உலோகம் பற்றிக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்

பட்டர்வொர்த்தில் பல வருடம் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். நெருங்குகிறது, அதனால் இன்று இரவு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். தனிம அட்டவணையில் டி தொகுதி, எஃப் தொகுதி பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: சார், இரும்பு 2+ அயனிக்கு 3டி⁴ 4எஸ்² என்று எழுதினேன். டீச்சர் தப்பு போட்டுவிட்டார்.

பதில்: டீச்சர் போட்டது சரிதான் தம்பி. ஆர்பிட்டால்களில் எலக்ட்ரானை நிரப்பும்போது 4எஸ் முதலில் என்று படித்ததால், அயனிக்காக எலக்ட்ரானைக் கழிக்கும்போது 3டி-யில் கை வைத்துவிடுகிறீர்கள். போகும்போதும் 4எஸ்தான் முதலில் போகும். விடை 3டி⁶. இதைப் பெரிதாக எழுதிப் படிக்கும் மேசைக்கு மேல் ஒட்டுங்கள்.

கேள்வி: செம்பு சல்பேட்டின் நீலத்துக்கு டி-டி தாவல் (எலக்ட்ரான் ஒரு டி ஆர்பிட்டாலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது) காரணம். பெர்மாங்கனேட்டின் ஊதாவுக்கும் அதுதானா?

பதில்: இல்லை, இப்படிக் கேட்டதே எனக்குச் சந்தோஷம். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7 நிலையில் இருக்கிறது, டி எலக்ட்ரானே கிடையாது, அப்புறம் எது தாவும்? ஆக்சிஜனிடம் உள்ள எலக்ட்ரான் ஒளியை வாங்கிக்கொண்டு மாங்கனீசின் காலி டி ஆர்பிட்டாலுக்குப் போகிறது. இதற்கு மின்சுமை இடமாற்றம் என்று பெயர். டி-டி தாவலைவிட இது பல மடங்கு எளிதாக நடப்பதால்தான் துளித்துளியாக விட்டு அளவு காணும் டைட்ரேஷனில் ஒரே ஒரு துளி கூடினாலும் இளஞ்சிவப்பு தெரிகிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன், பெர்மாங்கனேட் படிகத்தில் அடர் கந்தக அமிலத்தை ஊற்றிப் பார்க்காதீர்கள். மாங்கனீசு ஹெப்டாக்சைடு உண்டாகி வெடிக்கும்.

கேள்வி: குரோமியம் 2+ எப்படி எழுதுவது?

பதில்: 3டி⁴. 4எஸ் முதலில் போகும், மேலே பாருங்கள்.

கேள்வி: இன்றைக்குத் தங்கம் வாங்கலாமா சார்?

பதில்: லிட்டில் இந்தியா நகைக்கடையில் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரில் உள்ள நியோடிமியம் காந்தத்தில் கதிர்வீச்சு இருக்கிறதா? அம்மா வீட்டில் வைக்க விடமாட்டேன் என்கிறார்.

பதில்: பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளை இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கேள்வி: ஐயா, இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. நான் ஈப்போக்காரி. கதிர்வீச்சு இல்லை என்றால் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புக்கிட் மேரா மக்கள் 1985-இல் அருமண் (நியோடிமியம் போன்ற உலோகங்கள்) ஆலை மேல் ஏன் வழக்குப் போட்டார்கள்?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. காந்தம் வேறு, அது வந்த தாது வேறு. வெள்ளீயச் சுரங்கத்தில் (லம்பம்) வெள்ளீயம் எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலான அமாங்கில் மோனசைட் இருக்கிறது. அது சீரியம், லாந்தனம், நியோடிமியம் கலந்த பாஸ்பேட். தோரியம் 4+ அயனி அளவில் சீரியம் 3+ அயனிக்குப் பக்கத்தில் வருவதால் அதே படிகத்துக்குள் இடம் பிடித்துக்கொள்கிறது. ஆலையில் அருமண்ணைப் பிரித்து எடுத்தால் தோரியம் கழிவில் சேரும். அதன் அரை ஆயுள் 1400 கோடி ஆண்டு. மெதுவாகத்தான் சிதைகிறது, ஆனால் அதன் வாரிசுகளான ரேடியமும் ரேடான் வாயுவும் கூடவே இருக்கும். அந்தக் கழிவை வீடுகளுக்குப் பக்கத்தில் சரியாக மூடாமல் வைத்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் கேட்டது நியாயம்.

கேள்வி: அப்படியானால் அருமண்ணே வேண்டாம் என்று விட்டுவிடலாமே?

பதில்: அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயரில்தான் 'அரு'. சீரியம் பூமியின் மேலோட்டில் செம்பு அளவுக்கு இருக்கிறது. கஷ்டம் பிரிப்பதில்தான். எல்லாம் 3+ அயனி, ஆரம் லாந்தனத்துக்கு 103 பிக்கோமீட்டர், பதினான்கு தனிமம் தாண்டி லுட்டீசியத்துக்கு 86. அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே ஒன்றிரண்டு பிக்கோமீட்டர்தான் வித்தியாசம். அதனால் கரைப்பானில் நூற்றுக்கணக்கான தடவை பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது, அத்தனை அமிலமும் கழிவு நீரும் அதனால்தான். ஆரம் இப்படிச் சுருங்கிக்கொண்டே போகும் லாந்தனைடு குறுக்கத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேள்வி: அருமண்ணைக் களிமண்ணிலிருந்து எடுத்தால் கதிர்வீச்சு இல்லை என்கிறார்களே?

பதில்: தோரியம் மிகக் குறைவு, அது உண்மை. ஆனால் அருமண்ணைக் கரைத்தெடுக்க மலைக்குள் அம்மோனியம் சல்பேட் கரைசலை இறக்குகிறார்கள். அது எந்த ஆற்றில் போய்ச் சேர்கிறது என்று கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

கேள்வி: சார், நிக்கல் 2+ அயனி 3டி⁶ 4எஸ்² தானே?

பதில்: 3டி⁸. மூன்றாவது தடவை சொல்கிறேன், 4எஸ் முதலில் போகும். இனி இதைக் கேட்பவர்கள் முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.