பாலைவன மேய்ச்சல் நிலத்தின் கார மண்ணை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

நெவாடா, யூட்டா மாநிலங்களின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் மண் ஏன் காரமாக இருக்கிறது, அது எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குள்ள பெரும் வடிநிலத்தின் நீர் கடலைச் சேர்வதில்லை. தாழ்விடங்களில் தேங்கி ஆவியாகும்போது, மலைப்பாறைகளிலிருந்து கரைத்துக் கொணர்ந்த உப்புகளையும் சுண்ணாம்பையும் மண்ணிலேயே விட்டுச் செல்கிறது. அமெரிக்க மண் வகைப்பாட்டின் 12 பெரும்பிரிவுகளில் இத்தகைய மண் பெரும்பாலும் அரிடிசால் எனும் வறண்ட நில மண் பிரிவில் அடங்கும். சுண்ணாம்பு திரண்டிருந்தால் கால்சிட், கரையும் உப்பு மிகுந்திருந்தால் சாலிட் என்று உட்பிரிவுகளும் உண்டு.

பெயர்களைக் காட்டிலும், கரையும் உப்பு மிகுந்த உவர் மண்ணையும் சோடியம் மிகுந்த சோடிய மண்ணையும் பிரித்தறிவதே முக்கியம் என்பேன். மண்துகள்களில் ஒட்டியுள்ள மாற்றத்தகு அயனிகளில் சோடியம் 15 விழுக்காட்டை எட்டினால், பிஎச் மதிப்பு பொதுவாக 8.5ஐத் தாண்டி, களித்துகள்கள் சிதறி, நீர் எளிதில் உட்புகாத இறுகிய அடுக்கு உருவாகிறது. அங்கே புல் விதைத்தாலும் முளை மேலெழத் திணறும். கிரீஸ்வுட் போன்ற உப்பைத் தாங்கும் புதர்களே நிலைத்து நிற்கும்.