ஐந்து பாகமும் படித்தவளுக்கு என்ன பரிசு?

கேள்வி: ஆவணியில் என் தங்கைக்குத் திருமணம். 'பொன்னியின் செல்வன்' என்றால் அவளுக்கு உயிர். திரைப்பட நடிகர்களின் முகம் அச்சிட்ட காபிக் கோப்பை, தலையணை உறை, சாவிக்கொத்து என்று ஒரு பெட்டி நிறைய வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். வீட்டுப் பெரியவர்களோ, கதைப் பைத்தியத்துக்கெல்லாம் சீரா என்று கேலி செய்கிறார்கள். இப்படிப்பட்ட பரிசுகள் உங்களுக்கு வந்ததுண்டா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பெரியவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த கல்கி, 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடர் அது. வந்த வாரமே பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி, புகுந்த வீட்டுக்குப் பட்டுப்புடவையோடு பெட்டியில் வைத்து எடுத்துச் சென்ற பெண்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அவர்களை யாரும் பைத்தியம் என்று சொன்னதில்லை.

அந்தத் தொகுதிகளில் ஒன்றுதான் எனக்கு வந்த பரிசுகளில் தலையாயது. பாபநாசத்து அத்தை கொடுத்தது. மூன்றாம் பாகமான 'கொலைவாள்'. நடுவில் ஒரு வாரத்து இதழ் அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிரதியை இரவல் வாங்கி, அந்த அத்தியாயம் முழுவதையும் நீல மசியில் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். மணியம் வரைந்த ஓவியம் இருந்த இடத்தில் தன்னால் வரைய முடியாது என்பதால், அதே அளவில் கட்டம் போட்டு வெறுமையாக விட்டிருக்கிறார். ஒரு கதையை நேசிப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் நான் எடுத்துக் காட்டுகிறேன்.

இனி உங்களுக்கு. 2022இலும் 2023இலும் வந்த திரைப்படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தங்கை படித்து நேசித்தவர் என்றால், வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் அவர் மனத்தில் வேறு முகங்கள் இருக்கும். அவற்றின் மேல் நடிகரின் முகத்தை ஒட்டிக் கொடுப்பது அவருக்கான பரிசு ஆகாது. கடையில் எளிதாகக் கிடைத்ததை நீங்கள் வாங்கியதாகவே ஆகும். அவர் பூங்குழலியின் பக்கமா, வானதியின் பக்கமா என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? அது தெரியாமல் பெட்டியை நிரப்பாதீர்கள்.

நான் கொடுத்தவற்றுள் நிறைவு தந்த ஒன்றையும் சொல்கிறேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருந்த அண்ணன் மகளைக் காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். உடையார்குடிக் கல்வெட்டு என்று ஆய்வாளர்கள் சொல்வது அங்கேதான் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, கொலைத் துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய நிலங்களும் உறவினர் நிலங்களும் பறிக்கப்பட்டு விற்கப்பட்ட செய்தியையும் தருகிறது. அதன் வாசகத்தைப் பெரிய எழுத்தில் படியெடுத்து அவள் கையில் கொடுத்தேன். கதையில் சதிகாரனாகப் படித்த ரவிதாசனின் பெயர் கல்லில் இருப்பதைக் கண்டதும் அவள் கேட்ட கேள்விகளுக்கு எனக்கு விடை தெரியவில்லை. இன்று அவள் கல்வெட்டியல் படிக்கிறாள்.

உங்கள் தங்கைக்குக் கல்யாணத்தன்று ஐந்து பாகங்களையும் நல்ல பதிப்பாக, ஓவியங்கள் உள்ளதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் பதிப்புகள் பல இருக்கின்றன. படமே இல்லாத, பிழை மலிந்த மலிவுப் பதிப்பை எடுத்துவிடாதீர்கள். மீதியை முதல் ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலை ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்கத்தானே போகிறீர்கள்? பதினெட்டாம் பெருக்கன்று ஒரு காரில் இருவரையும் வீராணத்துக் கரைக்கு அனுப்பிவையுங்கள். வந்தியத்தேவன் குதிரையில் வந்த ஏரி அது, கதை தொடங்குகிற நாளும் அதுவே. மேட்டூரில் காலத்தோடு திறந்து, கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்திருந்தால் ஏரியும் நிறைந்திருக்கும். முதல் பாகத்தை அவர் கையோடு எடுத்துப் போகட்டும். மாப்பிள்ளை இன்னும் படிக்காதவர் என்றால், முதல் அத்தியாயத்தை அங்கேயே அவருக்கு வாசித்துக் காட்டலாம்.