புதிய சர்வருக்கு மாறும்போது பழைய தரவுத்தள மென்பொருளையே தொடரலாமா?

கடையின் பில், இருப்பு, பாக்கி ஆகியவற்றைச் சேமித்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் மென்பொருளே தரவுத்தளம். மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவர், மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தளமான தம் எஸ்.கியூ.எல். சர்வர் 2008 ஆர்2-ஐ விண்டோஸ் சர்வர் 2022 என்ற சர்வர் இயங்குதளத்துக்கு அப்படியே கொண்டுபோக விரும்புவது இயல்பே. ஆனால் அந்தச் சேர்க்கையை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் 2019 ஜூலை 9-ஆம் தேதியோடு நின்றுவிட்டன.

எந்தத் தரவுத்தளமும் தனித்து இயங்குவதில்லை; தான் எழுதப்பட்ட காலத்து இயங்குதளத்தின் கோப்புகளையும் மறையாக்க முறைகளையும் நம்பியே அது இயங்குகிறது, புதிய சர்வர்களோ அவற்றுள் பலவற்றைப் பாதுகாப்பு கருதிக் கைவிட்டுவிட்டன. மேலூர்ப் பக்கம் திறந்த கிணற்றின் மேல் ஓடிய மோட்டார், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும். அங்கே நீர்மூழ்கி மோட்டார்தான் வேண்டும். தண்ணீர் எங்கும் தண்ணீர்தான், தரவும் அப்படியே.

ஆகவே காப்புநகல் எடுத்து, அதைப் புதிய பதிப்பில் மீட்டமைத்து, பழைய பில் மென்பொருள் அதனோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் தனிக் கணினியில் சோதிப்பதே என் உறுதியான பரிந்துரை. எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்று தரவுத்தளத்துக்குச் சொல்லும் அமைப்பே இணக்க நிலை; எஸ்.கியூ.எல். சர்வர் 2022-இல் அதை 100 என வைத்தால், வினவல்கள், அதாவது பில் மென்பொருள் தரவைக் கேட்டு அனுப்பும் கட்டளைகள், பெரும்பாலும் 2008-இல் நடந்தவாறே நடக்கும்.

இணக்க நிலையைக் குறைத்தால் பழைய மென்பொருளே ஓடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு, ஓடுவது 2022 பதிப்புதான், அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களும் முழுமையாகக் கிடைக்கும்.