அமெரிக்காவிலும் டிரில் மாஸ்டர்தானா?

நெல்லையில் உடற்கல்வியில் எம்.பி.எட். முடித்த தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணாச்சி, அமெரிக்காவில் உடற்பயிற்சி அறிவியல் பி.எச்டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது. வந்தால் பிழைக்கலாமா? அங்கேயும் டிரில் மாஸ்டர் என்றுதான் பார்ப்பார்களா?"

அப்படிப் பார்ப்பது நம் ஊர்க்காரர்கள்தான், தம்பி. நான் பேராசிரியராகி இத்தனை வருடம் கழித்தும், லீவில் பாளையங்கோட்டைக்குப் போனால் சித்தி பக்கத்து வீட்டில் சொல்கிறாள்: "அவன் அங்க டிரில் மாஸ்டரா இருக்கான்."

இங்கே வேலை ட்ரெட்மில் பக்கத்தில் நிற்பது. ஓடுகிறவர் முகத்தில் மாஸ்க் கட்டி, விடும் மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்ப்போம். வெளிக்காற்றில் 20.93 சதவீதம், அவர் விடும் காற்றில் 16, 17 என்று இறங்கியிருக்கும். அந்த நாலு சதவீதத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. முதல் வருடம் ஒருநாள், அளவு தெரிந்த வாயுவை விட்டுக் கருவியைச் சரிபார்க்காமலே தொடங்கிவிட்டேன். அன்று ஓடிய மூன்று பேரின் கணக்கும் குப்பைக்குப் போனது. மறுபடி கூப்பிட்டால், அந்த மாஸ்க்கை இன்னொரு தடவை போட மாட்டேன் என்றுவிட்டார் ஒருவர். ஓசியில் மூச்சு முட்ட ஓட யார் வருவார்கள்? ஆள் பிடிப்பதுதான் ஆராய்ச்சியில் பாதி.

குளிர், சாப்பாடு பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நீங்கள் அனுமதிக் கடிதத்தை நன்றாகப் படியுங்கள். கட்டணத் தள்ளுபடி உண்டா, உதவித்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்று பாருங்கள். மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் மாதங்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். உதவித்தொகை 9 மாதத்துக்குத்தான் என்றால் கோடையில் கை காய்ந்துவிடும்.

பாடம் நடத்தச் சொன்னால் தயங்காதீர்கள். என் உச்சரிப்புக்கு முதலில் சிரித்தார்கள். சரி, கதை சொல்லிப் பார்ப்போம் என்று லண்டன் பஸ்ஸை எடுத்தேன். 1953-ல் ஜெர்ரி மோரிஸ் குழு வெளியிட்ட ஆய்வு அது: மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். அதோடு விடமாட்டேன். 1956-ல் அதே குழு சீருடை அளவுகளைப் பார்த்தது. டிரைவர்களின் இடுப்பு இளவயதிலேயே பெரிது. அப்படியானால் உட்கார்ந்து பெருத்தார்களா, பெருத்தவர்கள் உட்காரப் போனார்களா? அந்தக் கேள்வியில் வகுப்பு ஒரு மணி நேரம் சண்டை போடும்.

நம் ஊர்ப் பஸ்ஸையும் சேர்த்துக்கொள்வேன். மாடி கிடையாது, ஆனால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் நடை. அந்தக் கண்டக்டருக்கு உட்கார சீட்டே இல்லையா என்று ஒரு பையன் கேட்டான். உண்டு, ஆனால் பாபநாசம் வரைக்கும் அதில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பாள் என்றேன்.