48 வாக்கு வித்தியாசம்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் மும்பை வடமேற்குத் தொகுதியில் 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் ரவீந்திர வாய்க்கர் 48 வாக்குகளில் வென்றார். வித்தியாசம் இவ்வளவு குறைந்தால் மறு எண்ணிக்கை தானாகவே நடக்க வேண்டாமா? (ஜோகேஸ்வரி வாசகர்)

பதில்: வேண்டியதில்லை. இத்தனை வாக்குக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் மறுபடி எண்ண வேண்டும் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. மொத்த வாக்குகள் அறிவிக்கப்பட்டதும் வேட்பாளரோ அவருடைய முகவரோ காரணங்களுடன் எழுத்துமூலம் மறு எண்ணிக்கை கேட்கலாம். ஏற்பதா மறுப்பதா என்பது தேர்தல் நடத்தும் அலுவலரின் முடிவு. முடிவுப் படிவத்தில் அவர் கையெழுத்திட்ட பிறகு, 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்வது ஒன்றே வழி. தோற்ற அமோல் கீர்த்திகர் அப்படித்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2024 டிசம்பரில் மனு தள்ளுபடியானது. முறைகேடு நடந்தது என்று சொன்னால் மட்டும் போதாது, அதனால் முடிவே எப்படி மாறியது என்ற விவரமும் மனுவிலேயே இருக்க வேண்டும். பெரும்பாலான தேர்தல் மனுக்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கேள்வி: நான் போவதற்குள் என் பெயரில் யாரோ வாக்களித்துவிட்டால் என்ன செய்வது? (மாட்டுங்கா வாசகி)

பதில்: திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்பதை வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் நிறுவினால், தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதிப்படி உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு தரப்படும். இதற்கு டெண்டர் வாக்கு என்று பெயர். இயந்திரத்தில் பொத்தானை அழுத்த விடமாட்டார்கள். பலருக்கும் தெரியாத செய்தி, இந்தச் சீட்டு தனி உறையில் வைக்கப்படுமே தவிர, எண்ணிக்கை நாளன்று எண்ணப்படாது என்பது. வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால்தான் அந்த உறைக்கு மதிப்பு வரும். கீர்த்திகரின் மனுவிலும் டெண்டர் வாக்குகள் பேசப்பட்டன.

கேள்வி: மும்பை வடமேற்கு முடிவை எதிர்த்து நான் வழக்குப் போட முடியுமா? (தாராவி வாசகர்)

பதில்: முடியாது. தாராவி மும்பை தென்மத்தியத் தொகுதியில் இருக்கிறது. வேட்பாளரோ அதே தொகுதியின் வாக்காளரோதான் மனு போட முடியும். காப்புத்தொகை என்னவோ வெறும் 2,000 ரூபாய்தான்.

கேள்வி: வாக்குகள் சமமாகிவிட்டால்? (செம்பூர் வாசகர்)

பதில்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆவது பிரிவின்படி குலுக்கல்தான். குலுக்கலில் பெயர் வந்தவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு கிடைத்ததாகக் கொள்ளப்படும். மாநகராட்சித் தேர்தலுக்குச் சட்டம் வேறு என்றாலும், 2017இல் இதே மும்பையில் 220ஆவது வார்டின் வெற்றியாளர் குலுக்கலில்தான் முடிவானார்.