வி10 வேன் கேலனுக்கு 8 மைல்தான் தருகிறதா?

உங்கள் ஃபோர்டு ஈ-350 வீட்டு வேன் கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 8 மைல்தான் தருகிறது, எஞ்சின் பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். 6.8 லிட்டர் வி10 (பத்து சிலிண்டர்) பெட்ரோல் எஞ்சின், உயர்த்திய கூரை, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். 10 வந்தாலே பெரிய விஷயம்.

எஞ்சினில் கை வைக்குமுன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மணிக்கு 75 மைலை 62 ஆக்கினால் காற்றுத் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்.

என் வேனில் பின் பிரேக் ஒன்று விடாமல் உரசிக்கொண்டிருந்தது. நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள் (தொட்டுவிடாதீர்கள்). ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கேதான் கோளாறு.

அப்புறம், இரவில் ஏசிக்காக எஞ்சினை ஓடவிடுகிறீர்களா? அந்தப் பெட்ரோலும் இந்த 8-க்குள்தான் சேர்கிறது.