சத்தம் இல்லாத பின் ஆக்சிலை நம்பி மலையேறலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து 1924 ஃபோர்ட் மாடல் டி காரை ஆண்டுக்கு இரண்டு முறைதான் வெளியே எடுக்கிறோம். இந்த முறை உதகைக்கு ஓட்டிச் செல்ல ஆசை. பின் ஆக்சிலில் எந்தச் சத்தமும் இல்லை. ஆயில் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். முழு ஆக்சிலையே மாற்றித் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஆக்சிலைப் பிரித்துப் பார்க்கும் வரை மலைப்பாதையில் காரை இறக்காதீர்கள்.

பின் ஆக்சிலுக்குள் டிஃபரன்ஷியலின் (இன்ஜினின் சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இரு பக்கமும், இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவில், ஒயிட் மெட்டலால் (வெள்ளீயம் அல்லது ஈயம் கலந்த மென்மையான உலோகம்) ஆன கனமான வாஷர் ஒன்று இருக்கும். கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம், தன்னைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்தை விட்டு விலகாமல் தாங்கி நிற்பது இந்த வாஷர்தான். நூறு ஆண்டு ஆன ஒயிட் மெட்டல் தேய்ந்து சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை, வெடித்து உதிர்ந்துவிடும். நான் பிரித்த ஒரு வண்டியில், அதுவும் முந்தைய நாள்வரை அமைதியாக ஓடிய வண்டியில், அந்த வாஷர் விரலால் எடுக்கும்போதே ஊறிய பிஸ்கட்டைப் போல நான்கு துண்டாக வந்தது.

அது உதிர்ந்தால் கிரவுன் வீல் நகர்ந்து பினியனின் பல்லை விட்டுவிடும். மாடல் டியில் காலால் மிதிக்கும் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன்னால் கியர்பெட்டிக்குள் இருக்கும் டிரம்மைத்தான் பிடிக்கிறது. ரிவர்ஸ் பெடலும் லோ கியரும் அப்படித்தான். ஆகவே பல் விட்ட கணத்தில் இன்ஜின், கியர், பிரேக் மூன்றும் சக்கரத்தோடு தொடர்பற்றுப் போகும். மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. குன்னூர் இறக்கத்தில் அதை நம்பி ஒரு குடும்பத்தை உட்கார வைக்கக் கூடாது.

எனவே அந்த இரண்டு வாஷரையும் கன்மெட்டலில் (செம்பும் வெள்ளீயமும் கலந்த கெட்டியான வெண்கலம்) கடைந்து மாற்றுங்கள். சாதாரண பித்தளைத் தகட்டை வெட்டிப் போட விடாதீர்கள். கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு அளவு இடைவெளி இருக்கும்படி வாஷரின் கனத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதை லேத் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் தாத்தாவோ வேறு யாரோ முன்பே கன்மெட்டல் வாஷர் போட்டிருக்கலாம். இதைக் காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. பேனாக்கத்தியால் ஓரத்தைச் சுரண்டுங்கள்: சாம்பல் நிறமாக, மெழுகுபோல் வழித்துக்கொண்டு வந்தால் ஒயிட் மெட்டல், கெட்டியாக, மஞ்சளாகப் பளிச்சிட்டால் கன்மெட்டல். இரு பக்கமும் சுரண்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு மூடிய வண்டியும் என் கைக்கு வந்திருக்கிறது. இரண்டும் மஞ்சளாக இருந்து, கனமும் சரியாக இருந்தால் அவற்றையே மீண்டும் பொருத்தலாம். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளவும் ஆக்சிலைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்த கையோடு ஆக்சில் ஷாஃப்டையும் பாருங்கள். ரோலர் பேரிங் நேராக அதன் மேலேயே உருளுவதால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். அதில் வெல்டிங் அடித்து லேத்தில் கடைந்து கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங்கின் சூட்டில் கெட்டுப்போன ஷாஃப்ட் அந்த இடத்திலேயே முறியும், ஒரு பக்க ஷாஃப்ட் முறிந்தாலும் கால் பிரேக் போய்விடும். கியர்பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரோப்பெல்லர் ஷாஃப்டின் முன்பக்க புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) ஆடினால் அதையும் மாற்றிவிடுங்கள்.

புரோக்கர் தரும் ‘ரெடி’ ஆக்சில் என்பது பெரும்பாலும் கறுப்புப் பெயின்ட் அடித்த பழைய இரும்புதான். உங்கள் கண்முன் பிரித்துக் காட்ட மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய ஆக்சிலை எக்ஸ்சேஞ்ச் என்று கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள 40 பல் கிரவுன் வீலும் 11 பல் பினியனும் நல்ல நிலையில் இருந்தால், அவற்றுக்காகத்தான் அவர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். பட்டறையில் விடுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிலைத் தொட்டால் ஆர்.சி. (வாகனப் பதிவுச் சான்று) ரத்தாகும் என்று ஏஜென்ட்டுகள் பயமுறுத்துவார்கள். ஐம்பது ஆண்டைக் கடந்த வாகனங்களுக்கான 2021 விதி சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றை மாற்றியமைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. உயிர் காக்கும் வாஷரை மாற்றுவதைத் தடுக்கவில்லை. இதை ஆர்.டி.ஓ. அலுவலகக் கவுன்டரிலேயே நான்கு வரியில் எழுதி ஒட்டியிருந்தால், பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏஜென்ட்டுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருக்காது. எத்தனை முறை கேட்டாலும் அந்த நான்கு வரி மட்டும் வருவதில்லை.

மூடும்போது ஹவுசிங்கில் (ஆக்சிலின் உறை) கிரீஸை அடைக்க விடாதீர்கள். பல் சுற்றும் வழியில் ஒரு தடம் விழுந்த பிறகு கிரீஸ் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும், பேரிங் காய்ந்துபோகும். கெட்டியான 600 டபிள்யூ ஆயிலை ஊற்றி, முதல் 100 கிலோமீட்டரைச் சமவெளியில் ஓட்டி, வடித்து, ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். உலோகத் துகள் ஏதும் இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தைத் தாண்டலாம்.